சாமி அறையில் ஒரு மோடம்

எங்கள் வீட்டுக்கு இணைய லைன் இழுக்க வந்த ஆள் பெட்டியை எங்கே மாட்டுவது என்று கேட்டபோது, அப்பா யோசிக்கவே இல்லை. சாமி அறையைக் காட்டினார். அவர் சொன்ன காரணத்தில் யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது. எங்கள் வீட்டில் எந்த சுவிட்ச் போட்டிருந்தாலும் அம்மா கடந்து போகிற போக்கில் அணைத்துவிடுவார். அவர் கை வைக்காத சுவிட்ச் ஒன்றே ஒன்றுதான். அது முருகன் படத்துக்கு முன்னால் ராப்பகலாக எரியும் சிவப்பு மின்விளக்கின் சுவிட்ச். அந்தப் பிளக்கிலேயே மோடத்தையும் சேர்த்துவிட்டால் லைன் எப்போதும் உயிரோடு இருக்கும் அல்லவா? அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் கிளார்க் வேலை பார்த்தவரின் மூளை அப்படித்தான் ஓடும். வந்தவர் மலாய்க்காரர். செருப்பை வாசலில் விட்டு, கால் கழுவிவிட்டு உள்ளே போய், பிள்ளையாருக்கும் விபூதித் தட்டுக்கும் நடுவில் பெட்டியைப் பொருத்திவிட்டுப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை படங்களுக்குப் பொட்டு வைக்கும்போது அப்பா மோடத்துக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார்.

நாங்கள் சிரித்தோம். நானும் தங்கையும் சேர்ந்து சிரித்த கடைசிச் சில விஷயங்களில் அது ஒன்று.

அப்போது பினாங்கில், எங்கள் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. யார் வீட்டில் கேம் லேக் ஆகி விட்டு விட்டு ஓடினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் பொத்தானை அழுத்துகிறீர்கள். அந்தச் செய்தி சிங்கப்பூரில் இருக்கிற சர்வருக்குப் போய்த் திரும்பி வர ஆகும் நேரத்துக்குப் பெயர் பிங். அதை மில்லி விநாடியில் கணக்கிடுவார்கள். பினாங்கிலிருந்து பதினெட்டு, இருபது இருந்தால் நல்ல லைன். நூறைத் தாண்டினால் சங்கடம். இருநூறைத் தாண்டினால், எதிரி மூலையில் திரும்புவதை நீங்கள் பார்ப்பதற்கு முன்பே செத்துப்போயிருப்பீர்கள். அவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் தெரிந்த ஒருவன் தெருவில் இருந்தால், அவனை டாக்டர் மாதிரி நடத்துவார்கள். நானும் டாக்டர் மாதிரி நடந்துகொண்டேன். நாற்காலி போடச் சொல்வேன். மைலோ வரும்வரை கணினியைத் தொடமாட்டேன்.

வைஃபையை விட்டுவிட்டு வயரைச் சொருகு. பெட்டியைப் பத்து விநாடி அணைத்துவிட்டுப் போடு. வீட்டில் வேறு யார் எதைப் பதிவிறக்குகிறார்கள் என்று பார். வைஃபை சேனலை மாற்று. பாதிப் பேருக்கு இவ்வளவிலேயே சரியாகிவிடும். மீதிப் பேருக்கு லைனில் குறையே இருக்காது. அவர்களுக்கு ஆடத் தெரியாது, அவ்வளவுதான். அதை நான் எல்லார் முன்னாலும் சொல்வேன். ஓர் அக்காவின் மகன், பாவம், பதினாறு பிங்கை வைத்துக்கொண்டு லேக் லேக் என்று அழுதான். "லைன் நல்லா இருக்குக்கா. உங்க மவன்தான் லேக்கு" என்று சொல்லிவிட்டு மைலோவைக் குடித்து முடித்தேன். அந்தப் பையன் முகம் போன போக்கை நினைத்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சந்தோஷப்பட்டேன்.

அவனைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட ஒரு காரணம் இருந்தது. அதற்கு மூன்று வருடம் முன்னால், கோலாலம்பூரில் ஒரு குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். ஐந்து பேருக்கு ஐந்து பேர் சுட்டுக்கொள்ளும் விளையாட்டு. வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் தேர்வு. நான் தோற்றேன். கேவலமாகத் தோற்றேன். அறையை விட்டு வெளியே வந்து அம்மா, அப்பா, தங்கை, தெரு, எல்லாரிடமும் லைன் படுத்திவிட்டது என்று சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். அப்பா மோடத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அன்றைக்கு எனக்கு மூன்று ஆட்டமும் பிங் பதினெட்டுதான்.

தங்கை என்னைவிட மூன்று வயது சின்னவள். நான் ஆடும்போது பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். ஒரு நாள் என் மௌஸை வாங்கி ஆடினாள். அரை மணி நேரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. இவள் கை வேறு. நான் யோசித்துத் திரும்பும் இடத்தில் இவள் ஏற்கெனவே திரும்பி நிற்கிறாள். நான் பாராட்டவில்லை. மௌஸ் பிடிக்கும் விதம் தப்பு என்றேன்.

என் அறைக்கும் சாமி அறைக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் ஓட்டை போட்டு என் கணினிக்கு வயர் இழுத்திருந்தேன். அவள் அறை வீட்டின் பின்பக்கம். அவளுக்கு வைஃபைதான். இருபது மீட்டர் வயர் ஒரு சுருள் பிரிக்காமல் என் அலமாரிக்குள் கிடந்தது. அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பெண்கள் மாதத்தில் அந்த மூன்று நாளும் சாமி அறைக்குள் போகமாட்டார்கள். அம்மா அதை ஒரு கட்டுப்பாடாகக்கூட நினைத்ததில்லை. அவருக்கு அது பழகிய ஒன்று. மோடம் சாமி அறைக்குள் போன பிறகு அதற்கு ஒரு புது அர்த்தம் வந்தது. அந்த நாட்களில் லைன் படுத்தால் தங்கையால் பெட்டியை அணைத்துப் போட முடியாது. வாசற்படியில் நின்று "அண்ணே" என்று கூப்பிட வேண்டும்.

அவளுக்குப் பதினாறு வயதில், பள்ளிக்கூட வேலை ஒன்றை அனுப்ப வேண்டிய அவசரத்தில், அந்த மாதிரி ஒரு நாளில் அவளே உள்ளே போய் அணைத்துப் போட்டுவிட்டாள். இரண்டு எட்டுதான். நான் பார்த்தேன். சாயங்காலம் அப்பா வந்ததும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால், சொல்ல முடிந்தது, சொன்னேன். அப்பா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லாப் படங்களையும் ஒவ்வொன்றாக இறக்கி, மஞ்சள் தண்ணீர் போட்டுத் துடைத்து, தரையைக் கழுவி, தானே உட்கார்ந்து மறுபடி பொட்டு வைத்தார். அதற்கு மூன்று மணி நேரம் ஆனது. அந்த மூன்று மணி நேரமும் தங்கை ஹாலில் நின்றுகொண்டு பார்த்தாள். அதன்பிறகு அவள் அந்த வாசற்படியைத் தாண்டவில்லை.

அவளுக்குப் பத்தொன்பது ஆனபோது லேக் ஆரம்பித்தது. சில நாட்களில், பிற்பகலில், திடீரென்று இருநூற்று நாற்பது, இருநூற்று அறுபது போகும். ஒரு மணி நேரம் அப்படியே நிற்கும். பிறகு தானாகவே இறங்கிவிடும்.

"அண்ணே, கொஞ்சம் வந்து பாரேன். என்னமோ ஆவுது."

நான் போய்ப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் காரணம் தெரிந்துவிட்டது. காரணம் நான்தான். ஆடியதையெல்லாம் வீடியோவாகப் பிடித்து இணையத்தில் ஏற்றுவதற்கு ஒரு சேனல் வைத்திருந்தேன். பதினோரு பேர் சேர்ந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் என் சொந்தக் கணக்குகள். வீட்டு லைனில் வெளியே போகிற பாதை குறுகலானது. பெரிய வீடியோவை ஏற்றினால் அது பாதை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். தங்கை சுடுகிற குண்டெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும். நான் வீடியோ ஏற்றும்போது விளையாடுவதில்லை, அதனால் எனக்குத் தெரியாமல் இருந்தது. ஏற்றுவதை நிறுத்தினேன், அவள் திரையில் பிங் இறங்கியது. மறுபடி ஏற்றினேன், ஏறியது. அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்கலாம். ராத்திரி தூங்கும்போது ஏற்றிக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை போதும்.

நான் சொன்னது வேறு. "இது பெரிய பிரச்னை. நோட்டு போட்டு எழுதணும்" என்றேன். தேதி, நேரம், பிங் எவ்வளவு, மழையா வெயிலா, மைக்ரோவேவ் ஓடுகிறதா, பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார்களா, எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். அவள் பச்சை அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தாள். மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொன்னேன். நகர்த்தினாள். இரும்பு அலமாரிதான் சிக்னலை மறைக்கிறது என்றேன். அம்மாவும் அவளும் சேர்ந்து அதை இழுத்தார்கள். அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போடச் சொன்னேன். நாற்பது நிமிடம் பாட்டு கேட்டுக்கொண்டு காத்திருந்தாள். நான் ஹாலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது மாற்றியதும் நான் ஏற்றுவதை நிறுத்துவேன். பிங் இறங்கும். அவள் முகம் மலரும். இரண்டு நாள் கழித்து மறுபடி ஏற்றுவேன். அந்த இரண்டு மாதமும் எனக்கு நன்றாகப் பொழுது போனது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பொய் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கும்.

அந்த நேரத்தில்தான் அவளுக்கு அழைப்பு வந்தது. கோலாலம்பூரில் பெண்கள் குழு ஒன்று ஒரே ஒரு ஆளைத் தேடியது. அவள் ஆடுவதைப் பார்த்துவிட்டு அவர்களே கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு மூன்று ஆட்டம். கேமராவைப் போட்டு வைக்க வேண்டும். வீட்டிலிருந்துதான் ஆட வேண்டும், ஏனென்றால் சேர்ந்த பிறகும் முதல் ஒரு வருடம் வீட்டிலிருந்தேதான் பயிற்சி. வீட்டு லைன் தாங்குமா என்பதும் தேர்வில் சேர்த்தி.

அப்பாவுக்கு இந்த விளையாட்டு எதுவும் புரியாது. ஆனால் அவள் தேர்வானால் கோலாலம்பூர் போகலாம், சம்பளம் உண்டு, படிப்பையும் விட வேண்டாம் என்று அவள் உட்கார்ந்து விளக்கியபோது, தலையை ஆட்டிக் கேட்டார். "கெடைச்சா போம்மா. நான் வேணாம்னு சொல்லல" என்றார். எங்கள் வீட்டில் அது பெரிய வார்த்தை. தங்கை அன்றைக்கு முழுவதும் வேலை எதுவும் இல்லாமல் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

எனக்கு வயிற்றெரிச்சல் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அதுவும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரியதாக ஒரு பயம் இருந்தது. அதே வீடு, அதே லைன், அதே பெட்டி. அதை வைத்துக்கொண்டு, அதுவும் வைஃபையில், இவள் தேர்வாகிவிட்டால், என்னுடைய லேக் என்ன ஆவது? யாராவது ஒரு நாள் கேட்பார்கள். அப்பாவே கேட்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருந்தது. அப்பா விரதத்தில் இருந்தார். பத்தொன்பது வருடமாகக் காவடி எடுத்துத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுகிறவர். விரதம் தொடங்கினால் வீட்டில் முட்டைகூட வராது. அன்றைக்குத் தண்ணீர்ப் பந்தல் வேலைக்கு அப்பாவும் அம்மாவும் காலையிலேயே காடியில் ஏறிப் போய்விட்டார்கள். போகும்போது அம்மா தங்கையிடம் தாழ்ந்த குரலில், சாமி அறைப் பக்கம் போகாதே என்று நினைவுபடுத்தினார். அவளுக்கு அந்த மூன்று நாளில் அது முதல் நாள்.

பன்னிரண்டு மணிக்கு நான் வெளியே போய், நாசி கண்டார் கடையில் கோழி வைத்துச் சோறு சாப்பிட்டுவிட்டு வந்தேன். விரத நாட்களில் அது எனக்குப் புதிதல்ல. சாப்பிட்டுவிட்டு வந்து சாமி அறைக்குள் போய் வயரைச் சரிபார்ப்பதும் புதிதல்ல. முருகன் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

இரண்டு மணிக்கு முதல் ஆட்டம் தொடங்கியது. என் அறையில் இருந்த எனக்கு அவள் குரல் கேட்டது. பாதி ஆங்கிலம், பாதி மலாய். எங்கே எத்தனை பேர், யார் முன்னால் போக வேண்டும் என்று முன்பின் தெரியாத நான்கு பேரிடம் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் நாங்கள் யாரும் கேட்டிராத குரல் அது. ஒரு தடவை அந்தக் குழுவின் பயிற்சியாளர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், அவள் சிரித்தாள். முதல் ஆட்டத்தை ஜெயித்தார்கள். அவளால்தான் ஜெயித்தார்கள் என்பது என் அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கே தெரிந்தது.

நான் என் கணினியில் ஒரு வீடியோவைத் தேர்ந்தெடுத்தேன். இருந்ததிலேயே பெரியது. ஏற்று என்பதை அழுத்தினேன். பழக்கத்தில் கை பட்டுவிட்டது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். இல்லை. எந்த வீடியோ அதிக நேரம் பிடிக்கும் என்று வரிசைப்படுத்திப் பார்த்துத்தான் அழுத்தினேன்.

இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் அவள் குரல் மாறியது. இருந்த இடத்தைத் தாமதமாகச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். மறுபடி மன்னிப்புக் கேட்டாள். ஆட்டம் முடிந்த இடைவெளியில் ஓடி வந்தாள். நான் அதற்குள் ஹாலில் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, இருநூத்தி அறுபது. அஞ்சு நிமிஷந்தான் பிரேக்கு. பெட்டிய ஆஃப் பண்ணி போட்டு வுடு."

"மச்சம் சாப்புட்டுட்டேன்" என்றேன். "கோழி. உள்ள போக முடியாது."

அவள் என்னைப் பார்த்தாள். "நீ எப்பவும் அப்டித்தானே போவ?"

"இப்ப அப்பா வெரதம். காவடி எடுக்கிற வூடு லா இது."

"அண்ணே, வெளையாடாத. குளிச்சிட்டாச்சும் வா. ரெண்டு நிமிஷம்."

"குளிச்சா வயித்துல இருக்கற கோழி போயிருமா?"

அவள் சாமி அறை வாசலுக்குப் போய் நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மோடத்தின் பச்சை விளக்குகள் மினுங்கிக்கொண்டிருந்தன. சுவிட்ச் அவள் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது, ஆனால் உள்ளே இரண்டு எட்டுக்கு மேல் இல்லை. "அப்ப நான் போறேன்" என்று மெதுவாகச் சொன்னாள். அனுமதி கேட்கிற மாதிரி.

"போ" என்றேன். "காவடியோட மல ஏறும்போது அப்பாவுக்கு ஏதாச்சும் ஆனா, அப்ப பாத்துக்கலாம்."

என் வாழ்க்கையில் நான் சொன்ன வாக்கியங்களில் மிக மோசமானது அதுதான். யோசித்துச் சொன்னதில்லை; தயாராகவே இருந்தது. அவள் வாசற்படியிலிருந்து காலைப் பின்னுக்கு எடுத்தாள். அவள் அறையிலிருந்து, பயிற்சியாளர் அவள் பெயரைக் கூப்பிடுகிற சத்தம் ஹெட்செட் வழியாக மெலிதாகக் கேட்டது. அவள் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். நானும் எழுந்து என் அறைக்குப் போனேன். வீடியோ அறுபத்தொரு சதவீதம் ஏறியிருந்தது.

மூன்றாவது ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம். வேகமான காலடி. பிறகு சாமி அறையில், என் சுவருக்கு அந்தப் பக்கத்தில், டக் என்று சுவிட்ச் அணைந்தது. என் வயரிலும் லைன் போனது. அவள் எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக, ஒவ்வொன்றுக்கும் சரியாக ஒரு விநாடி விட்டு. பத்து விநாடி முழுசாக எண்ணாமல் போடக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். விளக்கு அணைந்த அறையில், அந்தப் படங்களுக்கு முன்னால் நின்று, பத்து வரைக்கும் எண்ணினாள். நான் எழுந்து போகவில்லை.

மோடம் எழுந்து நிற்க மூன்று நிமிடம் ஆகும். அவள் நின்றாள். பச்சை விளக்கு வந்தது. ஓடிப் போய் உட்கார்ந்தாள். என் கணினியும் லைனைப் பிடித்துக்கொண்டது. வீடியோ விட்ட இடத்திலிருந்து தானாகவே மறுபடி ஏற ஆரம்பித்தது. அதை நிறுத்த ஒரு அழுத்து போதும். அவள் அறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பிங் மறுபடி இருநூற்று அறுபதில் நின்றிருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் அவளிடம் அன்பாகத்தான் பேசினார். ஆட்டம் நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த லைனை நம்பி எடுக்க முடியாது என்றார். வேறு ஆளை எடுத்தார்கள்.

ஆறு மணிக்கு அப்பா காடியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நான் சொல்வேனா என்று அவள் காத்திருக்கவில்லை. அவரைச் செருப்பைக் கழற்றக்கூட விடாமல், "அப்பா, நான் சாமி ரூமுக்குள்ள போயிட்டேன்" என்றாள். அப்பா செருப்பைக் கழற்றினார். பிறகு, "தேர்வு என்னாச்சு?" என்று கேட்டார். "கெடைக்கல."  வாளியில் மஞ்சளைக் கரைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்த வருடம் அப்பா காவடி எடுக்கவில்லை. கேட்டவர்களிடம் முட்டி வலி என்றார். பால்குடம் தூக்கிப் போகிறவர்களுக்குப் பின்னால் சட்டை போட்டுக்கொண்டு வெறுமனே நடந்தார். தங்கை அவருக்குப் பின்னால் நடந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நடந்தேன். அப்பாவின் முதுகை அவள் பார்த்துக்கொண்டே வந்தாள், நான் அவளைப் பார்க்காமல் வந்தேன்.

தைப்பூசம் முடிந்த வாரம் நான் அப்பாவிடம் போய், மோடத்தை ஹாலுக்கு மாற்றலாமா என்று கேட்டேன். ஏதாவது மறுப்புச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். பேப்பரிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை. "மாத்து. அங்கதான் இருக்கணும்னு யாரு சொன்னா? முன்னாடியே கேட்டிருக்கலாமே" என்றார். ஆணி அடித்து, வயரை நீட்டி, எல்லாம் சேர்த்து கால் மணி நேர வேலை. அலமாரியில் கிடந்த இருபது மீட்டர் சுருளைப் பிரித்து அவள் அறைக்கும் இழுத்தேன். அவள் நன்றி சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் ஆடவில்லை. அவளுடைய மௌஸை என்னிடம் கொடுத்துவிட்டாள். நல்ல மௌஸ். இன்னும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

இப்போது அவள் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் நெட்வொர்க் பார்க்கிறாள். தோழி ஒருத்தியோடு அங்கேயே அப்பார்ட்மெண்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருவாள். அப்பா மறு வருடத்திலிருந்து மறுபடி காவடி எடுக்கிறார். நான் அதே அறையில் அதே விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருடத் தைப்பூசம் முடிந்த மறுவாரம் எனக்கு லேக் வந்தது. மூன்று நாள் விடாமல் இருநூற்று முப்பது. பெட்டியை அணைத்துப் போட்டேன், வயரை மாற்றினேன், சேனலை மாற்றினேன், வாடிக்கையாளர் சேவையில் பாட்டுக் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தபோது, வாயைத் திறந்து கேட்பதா வேண்டாமா என்று சாப்பிட்டு முடிக்கும்வரை யோசித்துவிட்டு, கேட்டேன்.

அவள் கை கழுவிவிட்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பின்னால் கட்டிலில் உட்கார்ந்தேன். திரையில் மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வீட்டில் எது எவ்வளவு அனுப்புகிறது என்று பார்த்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"ஒன் போன்தான் ண்ணே. பேக்கப் ஏறுது."

அப்பா காவடியோடு தண்ணீர்மலை ஏறியதை முழுக்க வீடியோ எடுத்திருந்தேன். அதைத்தான் போன் மூன்று நாளாக ஏற்றிக்கொண்டிருந்தது. அவள் என் போனை வாங்கி அதை நிறுத்தினாள். திரையில் பிங் இறங்கியது. "பதினெட்டு" என்றாள்.

எழுந்து கதவுவரை போனவள் நின்றாள். கோபம் எதுவும் இல்லாமல், மீன் குழம்பில் உப்பு சரியாக இருந்தது என்று சொல்கிற குரலில் பேசினாள்.

"அந்த ஞாயித்துக்கெழம ரெண்டு அம்பதுக்கு ஏத்துனியே ஒரு வீடியோ, அது இன்னும் ஒன் சேனல்ல இருக்கு. நாப்பத்தோரு வாட்டி பாத்திருக்காங்க. அதுல பாதி நான்தான்."

"எந்த வீடியோ?" என்று கேட்டேன்.

 பச்சை நோட்டும், அதில் கட்டம் கட்டமாக இருந்த நேரங்களும், என் சேனலில் ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே இருக்கிற நேரமும் அப்போதுதான் எனக்கு உறைத்தன. எழுதச் சொன்னவனே நான்தான். அவள் உட்கார்ந்து இரண்டையும் ஒத்துப் பார்த்திருக்கிறாள். எப்போது பார்த்தாள், எத்தனை வருடமாகத் தெரிந்துகொண்டு இங்கே வந்து சாப்பிட்டுப் போகிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"சரி லா. நீ வெளையாடு" என்றாள். வெளியே அம்மா அவளுக்குக் குழம்பு கட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது.

அந்த வீடியோவை அன்றைக்கே அழித்துவிட நினைத்தேன். அழித்தால் அவளுக்குத் தெரியும். அதனால் விட்டுவிட்டேன். நான் அதைத் திறந்து பார்ப்பதில்லை, பக்கத்தில் இருக்கிற எண்ணை மட்டும் பார்ப்பேன். போன வாரம் வரைக்கும் நாற்பத்தொன்று. இன்று காலையில் நாற்பத்திரண்டு.